வெட்டிப் பிரிப்பதா, சேர்த்துக் கட்டுவதா?

ஐந்து வயதுக் குழந்தையிடம் ஒரு பொம்மையைக் காட்டி, "இதன் பெயர் லுடம்" என்றேன். அப்படி ஒரு சொல்லே தமிழில் இல்லை. பொம்மை கைக்குப் போனதும், "எதை எடுத்தே?" என்று கேட்டேன். "லுடத்த எடுத்தேன்" என்று யோசிக்காமல் பதில் வந்தது. 'லுடமை' என்று அது சொல்லவில்லை. கடைசி 'ம்' போய் 'அத்து' என்ற இணைப்பு வர வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லித் தந்ததும் இல்லை. 1958இல் மொழி ஆய்வாளர் ஜீன் பெர்க்கோ, ஆங்கிலம் பேசும் 4 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் 'வக்' என்ற கற்பனைப் பறவையின் படத்தைக் காட்டி இப்படித்தான் சோதித்தார். இரண்டு பறவைகளைப் பார்த்ததும் பெரும்பாலான குழந்தைகள் பன்மை விகுதியைத் தாமாகவே சேர்த்தார்கள்.

ஆக, சொல்லின் உறுப்புகள் குழந்தையின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. படிக்கக் கற்கும்போது அவற்றைக் கண்ணுக்குக் கொண்டுவர எந்த வழி நல்லது?

நமக்குப் பழகிய வழி பிரித்தல். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று நன்னூல் சொல்லும் 6 உறுப்புகள். படித்தான் = படி + த் + த் + ஆன். பெரிய பிள்ளைகளுக்கு இது அருமையான கருவி. ஆறு வயதில்தான் சிக்கல். இரண்டு 'த்' வருகிறது. ஒன்று சந்தி (இணைக்க வரும் எழுத்து), மற்றது இடைநிலை (காலம் காட்டும் உறுப்பு). ஏன் என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது? அதைவிடப் பெரிய தடை நம் எழுத்து. 'தா' என்பதை ஒரே எழுத்தாக இப்போதுதான் கற்றிருக்கிறது குழந்தை. நாம் வெட்டச் சொல்லும் இடமோ அந்த எழுத்துக்கு உள்ளே இருக்கிறது, கத்தரிக்கோல் போகாத இடம். 'வந்தான்' இன்னும் மோசம்: வா குறுகி 'வ' ஆகிறது, த் திரிந்து ந் ஆகிறது. கடைசியில் மனப்பாடம்தான் மிஞ்சும்.

இரண்டாவது, சொற்குடும்பம். நட, நடை, நடத்தை, நடைபாதை, நடைவண்டி என்று ஒரே வேரில் வந்தவற்றைக் கூட்டுவது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. காரணம், எழுத்துப் பிழையை இது வேரோடு தீர்க்கிறது. 'பறவை'யில் எந்த ர என்று திணறும் பிள்ளையிடம் "அது என்ன செய்யும்?" என்று கேட்டால் போதும். பறக்கும், அதனால் பறவை. ஏறு தெரிந்தவர் முன்னேற்றத்தில் தடுமாற மாட்டார். "பாட்டு பாடுறதாலதான் பாட்டியா?" என்று ஒரு குழந்தை கேட்கும். கேட்கட்டும். ஒலி ஒத்தால் போதாது, பொருளும் ஒட்ட வேண்டும் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மூன்றாவது, சொற்களும் விகுதிகளும் எழுதிய அட்டைகளைச் சேர்த்துக் கட்டுவது. மழை + நீர், தேன் + கூடு போன்ற கூட்டுச் சொற்களில் தொடங்கினால் இரண்டு பக்கமும் தெரிந்த சொல், பயமே இருக்காது. அப்புறம் 'கள்' அட்டை. பூ பக்கத்தில் வைத்து "பூகள்" என்று படித்த சிறுமி ஒருத்தி முகம் சுளித்து, "இல்ல, பூக்கள்" என்று தானே திருத்திக்கொண்டாள். மரம்கள் மரங்கள் ஆனது. கல்கள் மட்டும் கற்கள் ஆகவில்லை. பேச்சில் அதிகம் வராத வடிவம், அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

என் தேர்வு இதுதான்: 5, 6 வயதில் வாய்மொழி விளையாட்டும் அட்டையும், சரளமாகப் படிக்கத் தொடங்கியதும் சொற்குடும்பம், இலக்கணப் பெயர்களோடு பிரிப்பது 10 வயதுக்கு மேல். சீக்கிரமே பிரிக்கத்தான் வேண்டும் என்றால் பெயர்களைச் சொல்லாமல் படித்தான், படித்தாள், படித்தார் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள். எது மாறுகிறது என்று மட்டும் கேளுங்கள். முதலில் கடைசி எழுத்தைத்தான் காட்டுவார்கள். சரி என்று விட்டுவிட்டுப் பக்கத்தில் படித்தேன், படித்தோம் என்று எழுதினால், பார்வை மெல்ல ஓர் எழுத்து முன்னே நகரும்: "தா, தே, தோ... த் அப்படியே இருக்கு!"