பழைய டாக்டர் டாப்ஸ், பைட் இதழ்கள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

1996இல் பினாங்கில் மாணவனாக இருந்தபோது, சௌராஸ்தா சந்தையின் மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் கணினி இதழ்களை வாங்கத் தொடங்கினேன். அன்று சேர்த்தவற்றுள் இன்றும் என் அலமாரியில் இருப்பவை டாக்டர் டாப்ஸ் ஜர்னலும் பைட்டும் மட்டுமே. மற்றவை பெரும்பாலும் விலைப்பட்டியலும் மதிப்புரையுமாக இருந்ததால் ஓராண்டுக்குள் பயனற்றுப் போயின.

இவ்விரண்டில் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது, 1976இல் தொடங்கிய டாக்டர் டாப்ஸ். 1991 ஜூலை இதழில் வரைகலை நிரலாளர் மைக்கேல் அப்ராஷ், 320×240 புள்ளிகள் கொண்ட மோட் எக்ஸ் என்னும் திரை முறை பற்றி எழுதிய கட்டுரையை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அக்காலக் கணினிகளின் திரைத் தரமான விஜிஏவில் 256 வண்ணங்களுக்கு வழக்கமாகப் பயன்பட்ட 320×200 முறையில் புள்ளிகள் உயரவாக்கில் நீண்டிருக்கும் என்பதால், கணக்குப்படி சரியாக வரைந்த வட்டமும் நீள்வட்டமாகவே தெரியும். 320×240 ஆக்கினால் புள்ளிகள் சதுரமாகிவிடும். ஆனால் ஒரு திரைக்கு 76,800 பைட்டுகள் வேண்டும், அது திரை நினைவகத்தில் செயலி ஒரே நேரத்தில் எட்டக்கூடிய 64 கேபி எல்லைக்குள் அடங்காது. நினைவகத்தை நான்கு தளங்களாகப் பிரித்து, ஒரே முகவரியில் நான்கு புள்ளிகளை வைத்து அந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழியை, அசெம்பிளி நிரலோடு அக்கட்டுரை தந்தது. அதைத் தட்டச்சு செய்து, வன்பொருளை இயக்கும் சிறு நினைவிடமான ஒவ்வொரு ரெஜிஸ்டரும் என்ன செய்கிறது என்று தாளில் எழுதிப் பார்த்த பழக்கம்தான், இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் புதிய சிப் ஒன்றின் கையேட்டைத் திறக்கும்போதும் எனக்குக் கைகொடுக்கிறது.

1975 முதல் 1998 வரை அச்சில் வந்த பைட் பரந்த அறிவைத் தந்தது. ஸ்டீவ் சியார்சியாவின் மின்சுற்றுத் தொடரும், ஸ்மால்டாக் நிரல்மொழிக்கென்றே வந்த 1981 ஆகஸ்ட் இதழும், அதன் அட்டையில் ராபர்ட் டின்னி வரைந்த வெப்பக்காற்றுப் பலூனும் நான் பெரிதும் போற்றுபவை. விளம்பரப் பக்கங்களின் மிகுதியால் கட்டுரையைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமம்.

பினாங்கின் ஈரக்காற்றில் வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய பெட்டியில் வைப்பதே பலன் தந்தது. இணைய ஆவணக் காப்பகத்தில் வருடிய படிகள் கிடைத்தாலும், மங்கலான பக்கங்களில் 1 என்ற எண்ணையும் சிறிய எல் எழுத்தையும் பிரித்தறிய முடிவதில்லை. நிரலைத் தட்டச்சு செய்ய இன்னமும் தாளையே நாடுகிறேன்.

படிவம் நான்கில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு, கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்க 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழை முதலில் கொடுத்தேன். லினக்ஸ் கட்டளைகளைத் தாய்மொழியில் படித்ததால் அச்சமின்றி முனையத்தைத் திறக்கிறாள். இப்போது வார இறுதிகளில், பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் இயக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் அந்த மோட் எக்ஸ் நிரலை இருவரும் சேர்ந்து இயக்குகிறோம். திரை விகிதத்தைத் திருத்தும் அமைப்பை முதலில் இயக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் 320×200லேயே வட்டம் வட்டமாகத் தெரிந்து, அப்ராஷ் எதற்காக அவ்வளவு பாடுபட்டார் என்பது அவளுக்குப் புரியாமலே போய்விடும்.