தேரிக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று: ராமநாதபுரக் கரையில் எந்த ஆய்வகச் சோதனை?

ராமநாதபுரக் கரையில் தொல்லியலாளர் எதிர்கொள்ளும் மண் இரு வகைப்படும். வைகை முகத்துவாரத்தை ஒட்டி, 1986-87இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழத் தொடங்கிய அழகன்குளம் போன்ற வாழ்விட மேடுகள் ஒரு வகை. தென்மேற்கே தூத்துக்குடி எல்லையை நோக்கித் தொடங்கும், காற்றில் குவிந்த செம்மணற்குன்றுகளான தேரி மற்றொரு வகை. கையிலுள்ள பணம் சில மாதிரிகளுக்கே போதும் என்னும்போது, எதை எந்தச் சோதனைக்கு அனுப்புவது என்பதைக் குழி போடும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

மேட்டைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமில்லை. ரோமானிய நாணயங்களும் உருளையால் கோலம் பதித்த ரௌலட்டட் பானை ஓடுகளும் கிடைத்த அழகன்குளம் போன்ற இடத்தில், அடுக்கு கலையாத கரித்துண்டு சில மில்லிகிராம் இருந்தாலே, கார்பன் அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். கார்பன் காலக்கணிப்புக்குப் போதும். கரி இல்லையென்று சங்கையோ சிப்பியையோ அனுப்பினால், கடல்நீரில் தங்கியிருக்கும் பழைய கார்பனால் காலம் உண்மையைவிடச் சில நூறு ஆண்டுகள் பழையதாகத் தெரியும். அதற்குத் திருத்தம் செய்தாக வேண்டும்.

தேரியில் நிலைமை தலைகீழ். கரி அரிது, குவார்ட்ஸ் மணலோ ஏராளம். மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதைக் கணிக்கும் ஓ.எஸ்.எல். முறைக்கு இதைவிட ஏற்ற மண் கிடைப்பது கடினம். புதிதாகச் செதுக்கிய குழிச்சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, இரு முனையையும் வெளிச்சம் புகாமல் அடைத்து, ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில்தான் திறக்க வேண்டும். மணல் புதைந்தபின் சுற்றியுள்ள மண்ணிலிருந்து வாங்கிய கதிர்வீச்சை வைத்தே இம்முறை காலத்தைக் கணிக்கிறது. இக்கரை மணலில் இல்மனைட், கார்னெட் ஆகிய கனிமங்களுடன் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருப்பதால் கதிர்வீச்சு அளவு இடத்துக்கு இடம் மாறும். எனவே மாதிரி எடுத்த அதே துளையில் அதை அளப்பது நல்லது. மண்ணின் ஈரப்பதத்தைக் குறிக்காமல் விட்டால் கணக்கு பிசகிவிடும்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் கிடைப்பது மணல் மூடப்பட்ட காலமே. அதில் புதைந்த கற்கருவி செய்யப்பட்ட காலம் அல்ல. காற்று மணலை அள்ளிச் செல்லும்போது வெவ்வேறு காலத்து நுண்கற்கருவிகள் ஒரே பரப்பில் வந்து தங்கிவிடுகின்றன. 1956இல் தொல்லியலாளர்கள் ஸூனரும் ஆல்சினும் திருநெல்வேலித் தேரிகளைப் பற்றி எழுதிய நாள் முதல் இச்சிக்கல் உண்டு. ஆகவே கருவி அடுக்குக்கு மேலும் கீழும் தனித்தனியே மாதிரி எடுக்காத ஓ.எஸ்.எல். முடிவை நான் பெரிதாக நம்புவதில்லை. நெருப்பில் சுட்ட செர்ட் (கருவி செய்யப் பயன்பட்ட சிலிக்கா கல்) துண்டு கிடைத்தால், வெப்ப ஒளிர்வு முறையில் அது சுடப்பட்ட காலத்தையே நேராகக் கணிக்கலாம், அது அபூர்வம்.

கருவிகளின் பயன்பாட்டுத் தேய்மானத்தை ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பார்ப்பது மலிவு. விளிம்பு உடைந்த விதத்தை அது காட்டும். அதிக உருப்பெருக்க நுண்ணோக்கி, வெட்டப்பட்டது தோலா மரமா என்பது வரை ஊகிக்க உதவும். ஆனால் குவார்ட்ஸ் ஒளியைச் சிதறடிப்பதால், பயன்பாட்டில் விளிம்பில் ஏறி செர்ட்டில் தெரியும் மெருகு குவார்ட்ஸ் கருவியில் தெளிவாகத் தெரிவதில்லை. மேற்பரப்பில் பொறுக்கிய துண்டிலோ காற்றோடு வந்த மணலே விளிம்பை மெருகேற்றியிருக்கும். அதனால் அடுக்கிலிருந்து எடுத்த செர்ட் துண்டுகளை மட்டும் இதற்கு அனுப்பலாம். அவற்றைக் கழுவாமல், சுற்றியிருந்த மண்ணில் ஒரு பிடியைத் தனிப் பையில் சேர்த்து அனுப்பினால், விளிம்பில் ஒட்டியிருக்கும் தாவர மாவுத்துகள் கருவியுடையதா மண்ணுடையதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.