டாப் சர்ஜரிக்குப் பிறகு: சிலம்பமா, குத்துச்சண்டையா, ஜூடோவா?

டாப் சர்ஜரி, அதாவது மார்பகத்தை நீக்கி நெஞ்சைத் தட்டையாக்கும் அறுவை, முடித்த திருநம்பிகள் பயிற்சிக்குத் திரும்பும்போது முதலில் கேட்பது, “எதுல அடி கம்மி?” என்றுதான். அப்படிப் பார்த்தால் சிலம்பம் முதலிடம், குத்துச்சண்டை கடைசி. என் கணக்கு வேறு. ஆறிவரும் தழும்புக்கு அடியைவிட இழுவையும் உரசலும்தான் முதல் எதிரி. கை எவ்வளவு உயரம் போகிறது, நெஞ்சில் யாருடைய எடை விழுகிறது, துணி எங்கே தேய்கிறது என்று பார்த்தால் வரிசையே மாறிவிடும்.

வெட்டிய தோல் 6 வாரத்தில் பழைய வலுவில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டும். 3 மாதத்தில் சுமார் 80 சதவீதம் வரும்; அதற்கு மேல் பெரிதாக ஏறாது. அதனால்தான் முதல் 4 முதல் 6 வாரம் எடை தூக்காதே, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாதே என்கிறார்கள். ஆள்மேல் ஆள் மோதும் ஆட்டத்துக்குப் பலரும் சொல்லும் கெடு 3 மாதத்தை ஒட்டி இருக்கும். கீஹோல் முறையில் வெட்டு சின்னதுதான், ஆனால் தோலுக்கு அடியில் ஆற வேண்டிய பரப்பு சின்னதல்ல. நெடுகக் கீறி, காம்பை எடுத்து ஒட்டியவர்களுக்கு இழுவைதான் பெரிய கவலை. எப்படியானாலும் கடைசி வார்த்தை உங்கள் சர்ஜனுடையது.

சிலம்பத்தில் காலடியும் சுற்றும் வேறு வேறு. காலடியை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கலாம், கம்பே வேண்டாம். நெற்றி உயரக் கம்பைத் தலைக்கு மேல் சுழற்றும்போதுதான் வம்பு. தழும்பின் இரு ஓரமும் எதிரெதிராக இழுபட்டு, கோடு அகலமாகிவிடும். நம் போன்ற கறுத்த தோலில் கீலாய்டு தடிப்பு வரும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் சில மாதம் கழித்து இதே சிலம்பம்தான் மருந்து. பல வருஷம் மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டர் போட்டுக் கூன் விழுந்த தோளை இதைப்போல விரித்துக் கொடுப்பது வேறொன்றுமில்லை. மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ மணலில் ஆடுபவர்கள் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்துப்போகும். சட்டையைக் கழற்றி ஆடும் ஆசையை அக்னி நட்சத்திரம் தாண்டும்வரை ஒத்திப்போடலாம்.

குத்துச்சண்டைக்கு வருவோம். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பேசும் வடசென்னையில் “மெதுவா குத்து” என்றால் சிரிப்பார்கள்தான். ஆனால் தொங்கும் குத்துமூட்டையான பேக்கை அடிக்கும்போது கை தோளுக்கு மேல் போக வேண்டியதில்லை, யாரும் உங்களைத் தொடவும் மாட்டார்கள். டாப் சர்ஜரியில் பொதுவாக மார்புத் தசையை வெட்டுவதில்லை; அதனால் நேர்க்குத்துக்கான பலம் சீக்கிரம் திரும்பும். பக்கவாட்டில் வளைத்து விடும் ஹூக் மட்டும் தாமதிக்கட்டும், அது தோலைக் குறுக்கே இழுக்கும். சர்ஜன் சம்மதித்த பிறகு நிழல்குத்து, பிறகு பேக், பிறகு மிட்ஸ் (மாஸ்டர் கையில் மாட்டிப் பிடிக்கும் மெத்தை) என்று போகலாம்.

ஸ்பாரிங், அதாவது ஆளோடு ஆள் குத்திப் பழகுவது, வேறு கதை. நெஞ்சில் பல இடம் மரத்துப்போயிருக்கும். சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாக. வலிக்கவில்லை என்பதால் அடிபடவில்லை என்று ஆகாது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கண்ணாடியில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலும், சிவந்து சூடேறினாலும், தழும்பு வாய் திறந்தாலும் அன்றோடு ஆட்டம் நின்றது, நேரே ஆஸ்பத்திரி. பெண்கள் பிரிவில் போடும் மார்புக்கவசம் இப்போது பொருந்தாது. டேக்வாண்டோவில் கட்டும் உடல்கவசம் அடியைப் பரப்பிவிடும், ஆரம்பத்துக்கு அதுவே தேவலை.

கிக்பாக்ஸிங், முய் தாய் இரண்டுக்கும் தனிக்கணக்கு வேண்டாம். பேக் வரைக்கும் குத்துச்சண்டை. கட்டிப்பிடித்து முட்டியடிக்கும் கட்டம் வந்தால் ஜூடோ.

ஜூடோவும் ஜியு-ஜிட்சுவும் கடைசி. இங்கே அடியே கிடையாது என்று நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். அங்கியின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பது நேராகத் தழும்பு மேல் தேய்ப்பது. எழுபது கிலோ ஆள் நெஞ்சில் குறுக்கே படுத்து அழுத்துவார், தோல் ஒரு பக்கமும் தசை ஒரு பக்கமும் நகரும். போதாததற்குச் சென்னைப் புழுக்கத்தில் பாய் முழுக்க வியர்வை. படர்தாமரை வர அதிக நேரம் பிடிக்காது. விழும் பயிற்சி, எழும் பயிற்சியோடு நிறுத்தி, முழு மல்லுக்கு அரை வருஷமாவது விடுவேன். அங்கிக்கு உள்ளே உரசலைத் தடுக்கும் இறுக்கமான ரேஷ்கார்டு பனியன் கட்டாயம்.

ஆக, என் வரிசை: காலடி, பேக், கம்புச் சுற்று, ஸ்பாரிங், கடைசியில் மல்லு. ஜூடோதான் உயிர் என்பவரைக் குத்துச்சண்டைக்கு மாறச் சொல்லவில்லை; இடைக்காலத்தை பேக்கில் கழியுங்கள் என்கிறேன்.

மாஸ்டரிடம் எவ்வளவு சொல்வது? “மாஸ்டர், நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்கு, டாக்டர் சொல்ற வரைக்கும் அங்க அடி வேணாம்” என்பதே போதும். என்ன ஆபரேஷன் என்பது உங்கள் விருப்பம். அதையும் கேட்டுத் துருவுகிற ஜிம்மில் சேராதீர்கள். போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திருநம்பிகள் பலர் எடுத்துக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலில் இருக்கிறது. ஊக்கமருந்துச் சோதனை உள்ள ஆட்டமென்றால் பெயர் கொடுப்பதற்கு முன்பே சிகிச்சை விலக்குக்கு (மருத்துவக் காரணத்துக்காக அதைப் பயன்படுத்தும் அனுமதி) விண்ணப்பித்துவிடுங்கள்.