பஞ்சு பொம்மை வாங்கும்போது எதை நம்பலாம்?

மூன்று வயது ஆகாத குழந்தைக்குப் பஞ்சு பொம்மை வாங்குகிறவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட கம்பெனி பொம்மை, திருவிழாக் கடையிலும் பேன்சி ஸ்டோரிலும் தொங்கும் பெயர் தெரியாத பொம்மை, யாராவது கையால் பின்னித் தரும் குரோஷே பொம்மை. எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது அதன் கண்ணை.

கழன்று வரும் பிளாஸ்டிக் கண் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கப் போதுமான அளவில் இருக்கும். 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் இந்த வயதுக்கு ஆபத்து என்பதுதான் சோதனைக்கூடங்களின் கணக்கு. ஐரோப்பிய விதிப்படி 6 மி.மீ.க்கு மேற்பட்ட கண்ணை 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். ஏறக்குறைய 9 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிடுவது போல. அதற்கும் கழலக் கூடாது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். சரி, முத்திரை இருந்தால் போதுமா? பெரிய கம்பெனிகளும் தவறுகின்றன. 2011 டிசம்பரில் பில்ட்-ஏ-பேர் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற ஏறக்குறைய 3 லட்சம் கரடி பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. கண்கள் தளர்ந்து விழக்கூடும் என்பதே காரணம். அப்படித் திரும்ப வாங்க ஒரு முகவரி இருந்ததைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

திருவிழாக் கடை பொம்மைக்கு அது கிடையாது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் செய்தவர் யாரென்றே தெரியாத பொம்மைக்கு யாரைப் பிடிப்பது? உலகெங்கும் பிரபலமான லபூபு என்ற குட்டி பொம்மையின் போலிகளால் சிறு குழந்தைகளுக்கு மூச்சடைக்கலாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. அதே மாதிரிப் பொம்மைகள் நம் ஊர்க் கடைகளிலும் தொங்குகின்றன. அமுக்கினால் பாடும் வகை இன்னும் மோசம். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடும்.

குரோஷே பொம்மையைத்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். பின்னுகிறவர்கள் 'சேஃப்டி ஐஸ்' என்று வாங்கிப் பொருத்தும் கண்ணுக்குப் பின்னால் ஒரு வாஷர் இருக்கும். கண்ணும் வாஷரும் கழலாமல் இருந்தாலும், நூல் இழுபட்டு ஓட்டை அகன்றால் இரண்டும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். அதனால் பின்னித் தருகிறவரிடம், "கண்ணை நூலாலேயே தைச்சுக் கொடுங்க" என்று கேளுங்கள். பஞ்சு பிதுங்காதபடி நெருக்கமாகப் பின்னி, கண்ணையும் நூலால் தைத்த பொம்மை கிடைத்தால் என் முதல் தேர்வு அதுதான். கிடைக்காவிட்டால், நூல் கண் வைத்த கம்பெனி பொம்மை. திருவிழாக் கடை பொம்மையை மூன்று வயதுக்குள் நான் கொடுக்கவே மாட்டேன்.

அப்புறம், ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் பக்கத்தில், அது தூளியோ கட்டிலோ, இவற்றில் எதையும் வைக்காதீர்கள்.