பாதிப் பேச்சு போதும்: நாகர்கோவிலில் ஏர்பேண்ட் ஸ்கேனர் அனுபவம்

விமானிகள் பேசுவதைக் கேட்க ஸ்கேனர் (பல சேனல்களில் மாறி மாறித் தேடிக் கேட்கும் ரேடியோ) வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: நாகர்கோவிலில் உட்கார்ந்து கேட்டால் பாதிப் பேச்சுதான் கிடைக்கும். விமானி பேசுவது பக்கத்து அறையில் பேசுவதுபோலத் தெளிவாக இருக்கும். கீழே இருந்து விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொல்வது ஒரு சொல்கூட வராது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை. சில வருடங்களாக நான் அந்தப் பாதியை வைத்துத்தான் ஓட்டுகிறேன். பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை.

காரணம் எளிது. விமானப் பேச்சுக்கான வி.எச்.எஃப். அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் வளையாது. திருவனந்தபுரம் விமான நிலையம் நாகர்கோவிலில் இருந்து நேர்கோட்டில் 65 கிலோமீட்டர்தான். ஆனால் அங்குள்ள ஆன்டெனா தரையை ஒட்டி நிற்கிறது. இடையில் வேளிமலைப் பக்கத்து மேடுகள் வேறு. 35,000 அடி உயரத்தில் பறக்கிற விமானமோ கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும் நமக்கு நேர்ப்பார்வையில் இருக்கிறது. கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அங்கே கிளம்பி உயரம் பிடித்த விமானம் குமரிமுனைக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே காதில் விழுந்துவிடும். வளைகுடாவுக்குப் போகிறவை, மாலேக்குத் திரும்புகிறவை, மேற்கே இருந்து சிங்கப்பூர்ப் பக்கம் போகிறவை என்று தலைக்கு மேலே நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனைக்குப் பக்கத்தில் இருப்பதன் லாபம் இது.

சரி, பாதிப் பேச்சை வைத்து என்ன செய்வது? விமானத் துறையில் ஒரு விதி இருக்கிறது. உயரம், திசை, வேகம், ஓடுபாதை, காற்றழுத்த அளவு, அடுத்த அலைவரிசை என்று கட்டுப்பாட்டாளர் எதைச் சொன்னாலும் விமானி அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். 'டிசென்ட் ஃப்ளைட் லெவல் ஒன் ஜீரோ ஜீரோ' என்று விமானி சொன்னால், பத்தாயிரம் அடிக்கு இறங்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கீழே இருந்து வந்த உத்தரவு நம் காதில் விழவில்லை என்றாலும் அதன் நகல் விழுந்துவிடுகிறது. வீட்டில் ஒருவர் போன் பேசுவதைக் கேட்டு மறுமுனையில் என்ன பேச்சு என்று கண்டுபிடிப்பது போலத்தான். ஒரு வித்தியாசம், இங்கே ஊகம் தேவையில்லை, விதியே அப்படி.

அலைவரிசைப் பட்டியலுக்கும் இந்த விதிதான் வழி. அடுத்த கட்டுப்பாட்டு எல்லைக்கு மாறும்போது புதிய அலைவரிசையையும் விமானி திருப்பிச் சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு மெமரியில் போட்டால் போதும். நான் என் சேனல்களில் பெரும்பாலானவற்றை இப்படிக் காதால் சேர்த்தேன். சரிபார்க்க வேண்டுமென்றால் இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடும் ஏ.ஐ.பி. என்ற விமானத் தகவல் ஆவணம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இப்போது கருவி. நான் வைத்திருப்பது யூனிடன் பிசி125ஏடி என்ற கையடக்க ஸ்கேனர். 500 சேனல், இரண்டு ஏஏ பேட்டரி, பி.என்.சி. ஆன்டெனா சாக்கெட். சேனலுக்குப் பெயர் எழுதி வைக்கலாம். பிடித்த காரணம் ஒன்றே ஒன்று: ஆன் செய்த உடனே கேட்கத் தொடங்கலாம், கணினி வேண்டாம். விலை மலிவான சீன வாக்கி டாக்கி போதாதா என்று கேட்பார்கள். அவற்றில் பல எஃப்.எம். முறையில் மட்டும் வேலை செய்யும், விமானப் பேச்சு ஏ.எம். முறை. எஃப்.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான குரல் மற்றதை விழுங்கிவிடும், ஒருவர் குறுக்கே பேசியதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதிக் கீச்சென்று சத்தம் வரும், உடனே திரும்பச் சொல்லச் சொல்வார்கள். இந்தப் பழைய முறையை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்கு அது ஒரு நல்ல காரணம்.

ஸ்கேனரின் பெரிய வேலையே சேனல் சேனலாகத் தாவுவது. நம் ஊரில் அதுதான் தொல்லை. விமானி அழைக்கிறார், ஸ்கேனர் நிற்கிறது. கீழே இருந்து பதில் போகிறது, நமக்கு அது கேட்காது. அந்த அமைதியைப் பார்த்துப் பேச்சு முடிந்துவிட்டது என்று ஸ்கேனர் அடுத்த சேனலுக்குத் தாவிவிடும். விமானி திருப்பிச் சொல்கிற அந்த முக்கியமான வரி போயே போச்சு. தாவும் முன் காத்திருக்கிற டிலே நேரத்தைக் கூட்டி வைத்தால் ஓரளவு சரியாகும். நான் கண்ட வழி, ஸ்கேன் பட்டனை நிறுத்திவிட்டு ஒரே சேனலில் காத்திருப்பது. காலையில் இறங்க வருபவர்களைக் கவனிக்கிற திருவனந்தபுரம் அப்ரோச், மற்ற நேரம் மேலே பறப்பவர்களின் ஏரியா கன்ட்ரோல். இதற்கு ஸ்கேனர் எதற்கு என்று நீங்கள் கேட்பது புரிகிறது.

அதனால்தான் யு.எஸ்.பி. டாங்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். என்று விற்கிற இந்தச் சிறு துண்டை மடிக்கணினியில் செருகினால் ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அலைகளைத் திரையிலேயே பார்க்கலாம். யாரோ பேசுகிற இடத்தில் வெளிச்சக் கோடு விழும், அங்கே சொடுக்கினால் குரல். புதுச் சேனல் கண்டுபிடிக்க இதைவிடச் சுகமான வழி கிடையாது, விலையும் ஸ்கேனரில் ஒரு பங்குதான். ஆனால் எட்டு பிட் கருவி, பலமான சிக்னல் பக்கத்தில் இருந்தால் திணறும். நாகர்கோவிலில் குமரி பண்பலை 101 மெகாஹெர்ட்ஸில் பலமாக வருகிறது. எஃப்.எம். வரிசையை மட்டும் தடுக்கிற ஒரு ஃபில்டரைப் போட்ட பிறகுதான் விமானிகளின் குரலுக்கு நடுவே சினிமாப் பாட்டு வருவது நின்றது.

இரண்டு கருவிகளையும்விட ஆன்டெனாதான் முக்கியம். கடையில் கூடவே தருகிற ரப்பர் குச்சி வீட்டுக்குள் சுமார்தான். தடித்த செம்புக் கம்பியை 58 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி நிமிர்த்தி, அதே அளவில் நான்கு கம்பிகளைக் கீழே சாய்த்துக் கட்டினால் கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா தயார். ஒயர், டிஷ் டிவிக்கு இழுக்கிற அதே ஆர்ஜி-6 கேபிள். கேட்பதற்கு மட்டும் என்பதால் அது தாராளமாகப் போதும். மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) இதை ஏற்றிய அன்று, அதுவரை இரைச்சலாகக் கிடந்த சேனல்களில் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள்.

ஏற்றுவது சுலபம், நிறுத்தி வைப்பதுதான் பாடு. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஆனி, ஆடியில் வீசுகிற காற்று சும்மா விடாது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றுக்கு என் செம்புக் கம்பி எம்மாத்திரம். இழுத்துக் கட்டாத கம்பத்தை அது வளைத்துவிடும். உப்புக்காற்று இன்னொரு எதிரி. கடற்கரை ஓரத்து வீடுகளில் இணைப்பு பச்சை பூத்துவிடும், எம்-சீல் வைத்து அடைத்து மேலே டேப் சுற்ற வேண்டும். ஐப்பசி மின்னல் காலத்தில் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் எல்.இ.டி. பல்பும் இன்வெர்ட்டரும் இரைச்சல் கிளப்பும். தெரு முழுக்க கரன்ட் போனால் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல், எனக்கு நல்ல நேரம்.

முழுப் பேச்சு வேண்டுமென்றால் முட்டத்துக்குப் போக வேண்டும். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துப் பாறைமேட்டில் நின்றால் கடலோரமாக வடமேற்கே பெரிய தடை இல்லை. வெயில் தாழ்ந்து கடல்மேல் காற்று அடுக்குகள் படியும் மாலைகளில் திருவனந்தபுரம் டவர் மெல்லக் கேட்கும். ஓடுபாதை 32-இல் இறங்குகிறவை தென்கிழக்கில் இருந்து, அதாவது நம் கடற்கரைப் பக்கத்தில் இருந்துதான் வரிசை பிடிக்கும். மழை வலுத்த ஜூன் மாலைகளில் 'கோயிங் அரவுண்ட்' என்ற குரல் வரும்போது, இறங்க முடியாமல் மேலேறுகிறார்கள் என்று புரியும். அப்புறம் காத்திருப்பா, கொச்சியா என்ற பேச்சு தொடங்கும். விமானி சொல்லும் எரிபொருள் கணக்கைக் கேட்கையில் நமக்கே கொஞ்சம் பதற்றமாகிவிடும்.

முட்டத்தில் ஒரு முறை இளம் காவலர் ஒருவர் வந்து நின்றார்.

"என்ன சாரே, கையில வயர்லெஸ்ஸா?"

"கேக்க மட்டுந்தான் தம்பி. இதுல பேச முடியாது."

"பேச முடியாட்டி எதுக்கு?"

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமத்தைக் காட்டினேன், ஸ்கேனரையும் கொடுத்தேன். அந்நேரம் பார்த்து ஒரு விமானி 'நமஸ்கார்' என்று ஆரம்பித்தார். "இவனுவளும் நமஸ்காரம் சொல்லுதானுவளே" என்று காவலர் சிரித்துவிட்டுப் போனார்.

எல்லாரும் சிரித்துவிட்டுப் போவார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் பக்கத்தில் உள்ள கடற்கரை. வானொலிக் கருவி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று சொன்ன 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. ஹாம் உரிமம் ஹாம் அலைகளுக்கானது, விமான அலைகளுக்கு அது சீட்டு ஆகாது. வாங்கும் முன் சட்டத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் எதையும் பதிவு செய்வதில்லை, யாருக்கும் அனுப்புவதில்லை, ராணுவ அலைகள் பக்கம் போவதும் இல்லை.

வருடத்தில் இரண்டு மாலைகளில் அப்ரோச் சேனல் அப்படியே அடங்கிவிடும். ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அதற்காகச் சில மணி நேரம் விமான நிலையத்தையே மூடி, முன்கூட்டியே விமானிகளுக்கு அறிவிப்பும் கொடுத்துவிடுவார்கள். 1932-இல் தொடங்கிய விமான நிலையம், அதற்கு வெகு காலம் முந்தைய ஊர்வலப் பாதை. 1949 வரை நாமும் திருவிதாங்கூர் சமஸ்தானம்தானே, அதனால் எனக்கு இதில் கொஞ்சம் சொந்தப் பெருமை உண்டு.

வீட்டாருக்கு இந்தப் பொழுதுபோக்கால் பயன் உண்டா என்றால், அத்தைக்கு மட்டும் உண்டு. தோஹாவில் இருந்து மகன் வருகிற விடியற்காலைகளில் போன் வரும். "மக்ளே, எனக்க பய வாற பிளேன் எறங்கியாச்சா?" போனிலேயே விமானத்தைப் படத்தோடு காட்டுகிற செயலிகள் இருக்கின்றன என்று சொல்லிப் பார்த்தேன். அத்தைக்கு நான் கேட்டுச் சொன்னால்தான் நம்பிக்கை.

வி.எச்.எஃப். எட்டாத நடுக்கடலுக்கு எச்.எஃப். சிற்றலைதான். எஸ்.எஸ்.பி. (இந்த விமானப் பேச்சு ஒலிபரப்பாகும் முறை) வசதியுள்ள சிற்றலை ரேடியோவும் ஜன்னலில் இருந்து தென்னை வரை ஒரு நீண்ட ஒயரும் போதும். 6676, 11387 கிலோஹெர்ட்ஸில் மும்பை, சிங்கப்பூர் போன்ற நிலையங்கள் முறைவைத்து விமான நிலைய வானிலையை வாசிக்கும். இந்தியப் பெருங்கடல் வழித்தடத்துக்கான 8879-இல் இரவில் விமானிகள் இரைச்சலோடு மல்லுக்கட்டி இடம் சொல்வார்கள். நடுவே இரண்டு இரட்டை மணியொலி வரும், அது செல்கால். ஒரு குறிப்பிட்ட விமானத்தை மட்டும் எழுப்புகிற அழைப்பு. இந்தப் பேச்சு வருடா வருடம் குறைகிறது, பெரிய விமானங்கள் இப்போது செயற்கைக்கோள் வழியாக எழுத்தாகவே செய்தி அனுப்பிவிடுகின்றன. எச்.எஃப். கேட்க ஆசைப்படுபவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

இன்று புதிதாகத் தொடங்கினால் நான் முதலில் டாங்கிளும் ஃபில்டரும் வாங்கி, மட்டுப்பா ஆன்டெனாவை நானே கட்டுவேன். முட்டத்துக்குப் போகிற பழக்கம் வந்தால் மட்டும் கையடக்க ஸ்கேனர். வீட்டில் உட்கார்ந்தே கேட்பவர்களுக்கு அந்தச் செலவு வீண்.