மரப்படகின் அடிப்பகுதியை மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஒன்ராறியோவில் பழைய மரப்படகு வைத்திருப்பவர்களுக்கும், வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். "அடிப்பகுதி முழுவதையும் புதிதாக மாற்றித் தருகிறோம்" என்று சொல்லும் பட்டறைக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். அப்படிச் சொன்ன ஒரு பட்டறையிடம்தான் என் படகைக் கொடுத்தேன். புது அடிப்பகுதிக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, அழுகிய பலகைக்கு மேல் பிசின் பூசி, பெயின்ட் அடித்துத் திருப்பித் தந்தார்கள். அதோடு முடிந்திருந்தால் பண நட்டம் என்று விட்டிருக்கலாம். எஞ்சின் அறையில் அவர்கள் செய்து வைத்த வேலை ஆளையே கொன்றிருக்கும். வழக்கு நடப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. தனிச்செய்தியிலும் கேட்க வேண்டாம்.

என்னுடையது 1950களில் மிச்சிகனில் கிறிஸ்-கிராஃப்ட் என்ற அமெரிக்கக் கம்பனி கட்டிய கேபின் குரூசர், அதாவது உள்ளே படுத்துத் தங்கக்கூடிய படகு. முப்பது அடிக்குச் சற்றுக் குறைவு. ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் ஒன்று, முன்னால் இரண்டு பேர் படுக்க இடம், சின்ன அடுப்பு, ஐஸ் பெட்டி. வெள்ளை ஓக் வங்குகளின் (விலா எலும்பு போல உடம்பைத் தாங்கும் கட்டைகள்) மேல் மகோகனிப் பலகையை வைத்து வெண்கலத் திருகாணியால் முடுக்கிய உடம்பு. அந்தக் கம்பனி 1964-இல் கொமாண்டர் என்ற கண்ணாடியிழைப் படகைக் கொண்டுவந்த பிறகு மரம் படிப்படியாகக் குறைந்து, 1972-உடன் மகோகனிப் படகு கட்டுவதே நின்றுபோனது. அவர்கள் கட்டிய படகுகளுக்கு அட்டை எழுதி வைத்திருந்தார்கள். எந்த எஞ்சின் பூட்டினார்கள், எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த அட்டைகள் இப்போது வேர்ஜினியாவில் நியூபோர்ட் நியூஸ் நகரத்து மரைனர்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன. படகின் உடம்பில் பொறித்த ஹல் இலக்கத்தைக் கொடுத்தால் பிரதி எடுக்கலாம். என் படகின் அட்டை கைக்கு வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

இதில் வேகம் கிடையாது, வசதியும் அதிகம் கிடையாது. ஆனால் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் இப்படி ஒரு படகில் போகும் சுகம் வேறு எதிலும் இல்லை. ட்ரென்ட்டனிலிருந்து போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீற்றர். கால்வாய்ப் பகுதிகளில் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது, எனவே யாருக்கும் அவசரம் இருக்காது. பீற்றர்பரோவில் 1904-இல் திறந்த லிஃப்ட் லொக், படகையும் அது மிதக்கும் தண்ணீரையும் சேர்த்தே ஏறக்குறைய 20 மீற்றர் மேலே தூக்கும். கரையில் நிற்பவர்கள் குனிந்து "எந்த வருடப் படகு?" என்று கேட்பார்கள். அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். மரக்கலத்தின் மேல் எனக்குள்ள பற்று அங்கிருந்தே வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வகைப் படகுகள் பலவற்றில் அடிப்பகுதி இரண்டு அடுக்கு. உள்ளே மெல்லிய பலகை, நடுவில் எண்ணெய் ஊறிய துணி, வெளியே மகோகனி. அறுபது எழுபது வருடத்தில் நடுத்துணி மக்கிவிடும், திருகாணி தேய்ந்துவிடும், வங்குக் கட்டைகள் பிளக்கும். பழையதைக் கழற்றி, பழுதான வங்குகளை மாற்றி, புதுப் பலகையை ரப்பர் போல இளகும் கடல்பசையில் படுக்கவைத்து, சிலிக்கன் வெண்கலத் திருகாணியால் முடுக்குவதுதான் முறை. எங்கள் எழுத்து ஒப்பந்தத்தில் இவ்வளவும் வரிக்கு வரி இருந்தது. பாதிக்கு மேல் முன்பணம் வாங்கினார்கள். மாரிகாலம் முழுக்கப் படங்கள் அனுப்பினார்கள்: கழற்றிய அடிப்பகுதி, புது ஓக், வரிசையாகப் பளபளக்கும் திருகாணித் தலைகள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

வசந்தத்தில் இறக்கியதும் தண்ணீர் வந்தது. "மரப்படகு அப்படித்தான், ஊறட்டும்" என்றார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏமாற்று முழுவதும் இதில்தான் நிற்கிறது. மாரியில் காய்ந்த மரப்படகைத் தண்ணீரில் விட்டால் முதலில் ஒழுகும், பலகை ஊதியதும் அடைபடும் என்பது உண்மை. ஆனால் கடல்பசையில் படுக்கவைத்த புது அடிப்பகுதிக்கு அப்படி ஊற வேண்டிய தேவையே இல்லை, ஆரம்பத்திலிருந்தே உலர்ந்திருக்க வேண்டும். பழைய முறைப் படகுக்குப் பொருந்தும் ஒரு உண்மையை எடுத்து, புது முறைக்குப் பணம் கொடுத்தவனிடம் சாட்டாகச் சொன்னார்கள். பெயின்ட் வெடித்தபோது "மரம் அசையும்" என்றார்கள். திருகாணி வரிசையில் கறுப்புக் கறை படிந்தபோது "ஓக்கில் சாயம் இறங்கும்" என்றார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே உண்மைதான். இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவர்கள் முழுப்பொய் சொல்வதில்லை. பழைய மரத்தைப் பற்றிய உண்மைகளையே முன்னால் நிறுத்திவிட்டு அதன் பின்னால் நிற்கிறார்கள்.

படகின் அடிக்குழியான பில்ஜில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் இரவு பகலாக ஓடி பற்றறி இறங்கத் தொடங்கியதும் படகை மேலே எடுத்து, அந்தப் பட்டறையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, மரப்படகு தெரிந்த ஒரு சர்வேயரை, அதாவது படகின் நிலையைப் பரிசோதித்துச் சொல்பவரை, கூப்பிட்டேன். அவர் முதலில் எடுத்தது ஒரு சின்னக் காந்தம். திருகாணித் தலைகளை மூடிய மரக்குமிழ்கள் இரண்டைத் தோண்டி, திருகாணியைக் கழற்றிக் காந்தத்தில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. வெண்கலம் காந்தத்தில் ஒட்டாது. எனக்கு வெண்கல விலையில் விற்றது துத்தநாகம் பூசிய சாதாரண உருக்குத் திருகாணி. ஓக்கில் இருக்கும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் உருக்கை அரிக்கும், அரிபடும் இரும்பு சுற்றியுள்ள மரத்தைக் கறுக்கவைத்து மக்கவைக்கும். அந்தக் கறுப்புக் கறைக்கு அதுதான் காரணம்.

பிறகு ஊசியை வைத்துக் குத்திப் பார்த்தார். பின்பலகையை ஒட்டிய இடத்திலும் அடிமரத்தை ஒட்டிய முதல் பலகையிலும் ஊசி கைப்பிடி வரை இறங்கியது. பழைய பலகையின் மேல் பொலியெஸ்டர் பிசினும் கண்ணாடியிழைத் துணியும் பூசி, கார் உடம்புக்குப் போடும் புட்டியால் சமப்படுத்தியிருந்தார்கள். ஈர மகோகனியில் பொலியெஸ்டர் நிலைத்துப் பிடிக்காது. பலகை ஊதும்போது கழன்றுவிடும், அதற்குள் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்து மிச்ச மரத்தையும் அழுகவைத்துவிடும். எனக்கு அனுப்பிய படங்களைக் காட்டினேன். ஒரு படத்தின் ஓரத்தில் இரண்டாவது புரொப்பெல்லரின் தாங்கி தெரிந்தது. என் படகில் எஞ்சினும் ஒன்று, புரொப்பெல்லரும் ஒன்று. அது வேறு யாருடைய படகோ.

எஞ்சின் விஷயம் இதைவிடப் பயங்கரம். "மரைன் ஆல்டர்னேற்றர், மரைன் கார்புரேட்டர்" என்று பில்லில் இரண்டு வரி இருந்தது. முதலாவது மின்சாரம் உண்டாக்குவது, மற்றது பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது. பூட்டியிருந்தவை இரண்டும் கார்ப் பொருட்கள். வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, விலை மட்டும் பல மடங்கு வித்தியாசம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் கீழே ரோட்டுக்குப் போய்விடும், படகில் பில்ஜில் தேங்கி நிற்கும். அதனால்தான் எஞ்சினைத் தொடங்குவதற்கு முன் குறைந்தது நான்கு நிமிடம், உள்ளே உள்ள ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோவரை ஓடவிடச் சொல்கிறார்கள். மரைன் ஆல்டர்னேற்றரை, உள்ளே பறக்கும் பொறி வெளியில் உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி செய்திருப்பார்கள். அந்தத் தரத்துக்கு எஸ்ஏஇ ஜே1171 என்று குறி இருக்கும். மரைன் கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் பெற்றோல் எஞ்சினுக்குள்ளேயே போகும், கார் கார்புரேட்டரில் வெளியே ஊற்றும். ஒன்று பெற்றோலை ஊற்ற, மற்றது பொறியைக் கொடுக்க, மேலே கேபினில் என் பிள்ளைகள் இருந்தார்கள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

கேட்கப் போனபோது மன்னிப்பு வரவில்லை, இன்னொரு பில் வந்தது. மதிப்பீட்டைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். படகு அவர்கள் முற்றத்திலேயே மேலே எடுத்து நிறுத்தப்பட்டிருந்ததால், கட்டாவிட்டால் படகை விடமாட்டோம் என்றார்கள். ஒன்ராறியோவில் இருப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்து வைத்திருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால், நீங்கள் புதிதாகச் சம்மதிக்காத வரை அதற்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக வசூலிக்க முடியாது. மற்றது, பழுதுபார்த்தவர் பணத்துக்காகப் பொருளைப் பிடித்து வைக்க வேறொரு சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அவர் கேட்கும் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, வழக்கு முடியும் முன்பே பொருளை மீட்க விண்ணப்பிக்கவும் அதே சட்டம் வழி தருகிறது. நான் அப்படித்தான் படகை வெளியே எடுத்தேன். பட்டறைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேரம் பேச வேண்டியதில்லை.

மரப்படகு வேலைக்குக் கொடுப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். படத்தை நம்பாமல் நேரில் போங்கள், அதுவும் பழைய அடிப்பகுதி கழன்று வங்குகள் வெளியே தெரியும் நாளிலும், புதுப் பலகை ஏறி பெயின்ட் அடிக்காத நாளிலும் போங்கள். "அந்த நேரம் வரவேண்டாம், வேலை கெடும்" என்று சொன்னால் படகை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பணத்தை வேலையின் கட்டத்துக்குக் கட்டம் கொடுங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் உங்கள் சர்வேயர் பார்த்த பிறகு. திருகாணிப் பெட்டிகளையும் பசைக் குழாய்களின் வெற்று உறைகளையும் கேட்டு வாங்குங்கள், கழற்றிய பழைய பலகைகளையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். நேர்மையான தச்சர் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார். இப்போது என் படகை எடுத்திருக்கும் பெரியவர், நான் கேட்கும் முன்பே ஒரு வாளி நிறையப் பழைய திருகாணிகளை என் முன் வைத்தார்.

அவர் பிசினை உரித்துக்கொண்டிருக்கிறார். வங்குகளில் பாதிக்கு மேல் மாற்ற வேண்டும். எஞ்சினுக்கு உரிய கார்புரேட்டரும் ஆல்டர்னேற்றரும் வந்துவிட்டன. அடுத்த கோடையில் இறக்க முடியுமா என்பது மகோகனி எப்போது கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். நீதிமன்ற விண்ணப்பத்துக்கு எந்தெந்தக் கடிதங்கள் தேவைப்பட்டன என்று நான் விவரமாகச் சொல்கிறேன்.