மூன்று ஜோடி ஸ்பீக்கர், இரண்டு ரிசீவர்: நம் ஹாலுக்கு எது?

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரிசீவரில்தான் (ஒலியை வாங்கிப் பவர் ஏற்றி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) ஆரம்பிக்கிறார்கள். எத்தனை வாட்ஸ், எத்தனை சேனல், 8கே உண்டா என்று பெட்டியின் மேல் அச்சிட்டதைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, மிச்சப் பணத்துக்கு ஸ்பீக்கர் தேடுகிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எச்டிஎம்ஐ தரம் ஒரு படி ஏறினால் ரிசீவர் பழசாகிவிடுகிறது. நல்ல ஸ்பீக்கர் இருபது வருஷம் கழித்தும் பாடும். ஆகவே முதலில் ஸ்பீக்கர்.

பன்னிரண்டுக்குப் பதினைந்தடி ஹால், டைல்ஸ் தரை, ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல், டிவிக்கும் சோபாவுக்கும் பத்தடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். இதற்கு டவர் ஸ்பீக்கர் வேண்டியதில்லை. அடிநாதத்தை அதற்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி பார்த்துக்கொள்ளும்போது இடுப்புயரப் பெட்டி எதற்கு? புக்‌ஷெல்ஃப் (அலமாரியில் அடங்கும் சின்னப் பெட்டி) ரகத்தில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் மூன்று: கெஃப் கியூ150, கிளிப்ஷ் ஆர்பி-600எம், ஈலாக் டெபியூ பி6.2. முதல் இரண்டுக்கும் புது வாரிசுகள் வந்துவிட்டன (ஆர்பி-600எம் 2 2022இல், கியூ1 மெட்டா 2024இல்). அதனால் பழையவை தள்ளுபடியில் கிடைத்தால் விடாதீர்கள்.

கிளிப்ஷின் அடையாளம் அதன் ஹார்ன். மேல் ஸ்தாயியை ஒலிக்கும் ட்வீட்டருக்கு முன்னால் புனல் மாதிரி ஒரு வாய் இருப்பதால் ஒலி சிதறாமல் முன்னோக்கிப் பாய்கிறது. துப்பாக்கிச் சத்தம், பறை, கைதட்டல் எல்லாம் நெஞ்சில் வந்து இடிக்கும். கடையில் பத்து நிமிடம் கேட்டால் இதுதான் ஜெயிக்கும். வீட்டில்தான் சிக்கல். டைல்ஸும் கண்ணாடியும் உள்ள அறையில் மேல் ஸ்தாயி ஏற்கெனவே தெறித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் இதன் கூர்மையும் சேர்ந்தால் ஒரு முழுப் படத்துக்குப் பிறகு காது களைத்துப்போகும். தடித்த திரைச்சீலை, பெரிய கம்பளம் போடத் தயார் என்றால் தாராளமாக வாங்கலாம்.

கெஃப் நேர் எதிர். ட்வீட்டரை, கீழ் ஸ்தாயியை ஒலிக்கும் வூஃபரின் நடுவிலேயே பொருத்தும் யூனி-கியூ அமைப்பை இந்த இங்கிலாந்து நிறுவனம் 1988இல் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து ஒலிப்பதால் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நடுவில் உட்கார்ந்தவருக்கும் ஒலியில் பெரிய வித்தியாசம் தெரியாது. நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு இது சாதாரண விஷயமில்லை. ஈலாக் இரண்டுக்கும் இடைப்பட்டது, ஆறரை அங்குல வூஃபர், நிதானமான ஒலி, கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லை. ஆனால் பெட்டி பெரிது. டிவி ஸ்டாண்டில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுப் போங்கள்.

இனி வாட்ஸ் கணக்கு. கியூ150இன் சென்சிட்டிவிட்டி (சுமார் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் சத்தம்) 86 டெசிபல், பி6.2 87, ஆர்பி-600எம் 96 என்கிறது கம்பெனி. பத்து டெசிபல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு பவர்: கிளிப்ஷ் பத்து வாட்ஸில் போடும் சத்தத்துக்குக் கெஃப் நூறு கேட்கும். இது காகிதக் கணக்கு. கிளிப்ஷ் தரும் எண்ணில் அறை கூட்டிக்கொடுக்கும் சத்தமும் சேர்ந்திருக்கிறது. மற்றவர்கள் அளந்து பார்த்தால் சில டெசிபல் குறையத்தான் செய்கிறது.

குறைந்தாலும் பயமில்லை. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்த வெளியில் சுமார் ஒன்பதரை டெசிபல் இழப்பு. அடுக்குமாடி வீட்டில், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டாத அளவில் படம் பார்த்தால், உச்சச் சத்தம் 90 டெசிபலைத் தொடுவதே அதிகம். அதற்குக் கெஃப் கேட்பது இருபது வாட்ஸுக்குச் சற்று மேல். அடிநாதத்தைச் சப்வூஃபருக்குப் பிரித்து அனுப்பிவிட்டால் பாரம் இன்னும் குறையும்.

இதைப் பிடித்துக்கொண்டு ரிசீவர் பக்கம் வந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச் சேனலுக்கு 80 வாட்ஸ், யமஹா ஆர்எக்ஸ்-வி6ஏ 100 வாட்ஸ். இருபது வாட்ஸ் கூடுதல் என்று விற்பனையாளர் சொல்வார். காதுக்கு அது ஒரு டெசிபல்கூட இல்லை. அதோடு இரண்டுமே இரண்டு சேனலை மட்டும் ஓட்டி எடுத்த எண்கள். ஐந்து ஸ்பீக்கரும் ஒன்றாக முழங்கும்போது தலைக்கு அவ்வளவு கிடைக்காது.

உண்மையான வித்தியாசம், அறை கெடுக்கும் ஒலியை அளந்து திருத்தும் மென்பொருளில் இருக்கிறது. டெனானில் ஆடிசி மல்ட்ஈக்யூ எக்ஸ்டி. மைக்கை எட்டு இடங்கள் வரை மாற்றி வைத்து அளக்கும். தனிக் காசு கொடுத்துச் செயலி ஒன்றை வாங்கினால், திருத்தத்தைக் கீழ் ஸ்தாயியோடு நிறுத்திவிட்டு மேலே ஸ்பீக்கரின் இயல்பை அப்படியே விடலாம். குறைந்த சத்தத்திலும் அடிநாதம் மறையாமல் தாங்கும் டைனமிக் ஈக்யூவும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் படம் பார்ப்பவர்களுக்கு இந்த ஒன்றே போதும். யமஹாவில் இதே வேலையைச் செய்யும் வைபிஏஓ சுலபமானது, ஆனால் நம் கைக்கு இத்தனை பிடி தருவதில்லை. வேறோர் இடத்தில் கேட்பதுபோல் காட்டும் அதன் சினிமா டிஎஸ்பி முறைகளைக் கச்சேரி அரங்கு, கிளப் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிடலாம்.

யமஹாவின் பலம் ஏழு எச்டிஎம்ஐ உள்ளீடு, டெனானில் ஆறு. வி6ஏ பழைய கையிருப்பாகவோ செகண்ட் ஹேண்டாகவோ வந்தால் ஒன்றைச் சரிபாருங்கள். 2020இல் வந்த பல ரிசீவர்களில், டெனானிலும்கூட, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் நொடிக்கு 120 ஃபிரேம் ஓடும் 4கே படம் சரியாகக் கடக்கவில்லை. யமஹா போர்டை மாற்றிக்கொடுத்தது. விளையாட்டுப் பெட்டி வைத்திருப்பவர் அந்த வேலை நடந்ததா என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. என் ஓட்டு டெனானுக்கு, கூடவே கெஃப்.

இரண்டு ரிசீவரும் 7.2 (ஏழு ஸ்பீக்கர், இரண்டு சப்வூஃபர்) என்று சொல்லிக்கொள்கின்றன. அந்தப் புள்ளி இரண்டு, ஒரே சிக்னல் இரண்டு துளையில் வருவதுதான். ஏழு சேனலையும் நிரப்ப அவசரப்பட வேண்டாம். பின்பக்கம் சுவரோடு ஒட்டிய சோபாவுக்கு 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) தாராளம். அந்தப் பணத்தை நடுவே வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில் போடுங்கள். வசனத்தில் பெரும்பங்கு வருவது அதன் வழியாகத்தான், அதை முன்பக்க ஜோடியின் வரிசையிலேயே வாங்க வேண்டும். வழக்கமான சென்டரில் ட்வீட்டருக்கு இரு பக்கமும் வூஃபர் இருக்கும், ஓரத்தில் இருப்பவருக்குப் பேச்சு மெலிந்து கேட்கும். கெஃபின் யூனி-கியூ சென்டரில் இந்தத் தொல்லை குறைவு. அப்புறம், தானியங்கி அளவீடு முடிந்ததும் ரிசீவர் எல்லா ஸ்பீக்கரையும் ‘லார்ஜ்’ என்று எழுதி வைத்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (அதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் வாங்கி வரச் சொல்லும் யோசனை இருந்தால், சாதாரண ஸ்பீக்கருக்குச் சரி, எடைதான் பிரச்சினை. ரிசீவரும் சப்வூஃபரும் அப்படியில்லை. அங்கே விற்பவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் இங்கே வாரண்டி கிடைக்காது. இந்த இரண்டை மட்டும் இங்கேயே பில்லோடு வாங்கிக்கொள்ளுங்கள்.